சூரை வந்த கரை

பேகம்பூர் சைதூனுக்குப் பொறாமை பிறவிக் குணம். புருசன் மைதீன் பிச்சை பக்கத்து வீட்டு ஆட்டைத் தடவிக் கொடுத்தால்கூட அன்றைக்குச் சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்பு கூடிப்போகும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருசத்துப் பொறாமைக்குக் காரணம் இருந்தது.

மைதீன் பிச்சை மீன் வியாபாரி. ஐஸ் பெட்டியோடு லாரியில் தூத்துக்குடி போய்ச் சரக்கெடுத்து வருவார். கொஞ்ச நாளாகக் கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொண்டு கிளம்பினார். மீன் வாங்கப் போகிறவருக்குச் சுர்மா எதற்கு? மீனா பார்க்கப் போகிறது? கீழக்கரையில் கமர்ஜஹான் இருந்தாள். ஒரு காலத்தில் இவருக்குப் பேசி முறிந்துபோன பெண், இப்போது புருசனை இழந்தவள். அந்தப் பேரை நினைத்தாலே சைதூன் கையில் இருக்கும் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

"கீழக்கரைப் பக்கமே நான் போறதில்ல புள்ள" என்பார் மைதீன் பிச்சை.

அந்த வாரம் வீட்டுக்கென்று கொண்டுவந்த பெரிய சூரை மீனைச் சைதூன் அரியும்போது, அதன் முதுகில் மஞ்சளாக ஒரு மெல்லிய குழாய் செருகியிருந்தது. மேலே இங்கிலீசு எழுத்தும் நம்பரும். "குப்பையில போடு" என்றார் அவர். அவள் போடவில்லை. நாகல் நகர் வாத்தியாரிடம் காட்டினாள்.

"மீன் எங்கெங்க போகுதுன்னு பார்க்க மீன் துறைக்காரங்க குத்தி விட்டதும்மா. அனுப்பி வச்சா, எந்தக் கரையில வாங்கினதுன்னு வந்து விசாரிப்பாங்க" என்றார் வாத்தியார்.

சைதூனுக்கு அது போதும். அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டாள்.

சில நாளில் மீன் துறை அதிகாரி வந்து கூடத்தில் கடல் படத்தை விரித்தார். திரைக்குப் பின்னால் சைதூன் நின்றாள்.

"எந்தக் கரை பாய்?"

"தூத்துக்குடிங்க." சட்டென்று வந்தது பதில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது போற வழி தெரிஞ்சாத்தான் எங்க, எப்ப பிடிக்கக் கூடாதுன்னு சொல்லி இந்த இனத்தைக் காப்பாத்த முடியும். தப்பாச் சொன்னா எல்லாம் வீண்."

ஆயிரம் இருந்தாலும், மைதீன் பிச்சைக்குச் சோறு போடும் மீனுக்குத் துரோகம் பண்ண மனசு வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "கீழக்கரைங்க" என்றார்.

"கீழக்கரையா?" அதிகாரி தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு குறித்தார்.

அவர் போனதும் சைதூன் வெளியே வந்தாள்.

"மீன் வந்த வழி தெரிஞ்சு போச்சு. நீங்க போற வழியச் சொல்லுங்க. அவ வீட்டுக்குப் போறீகளா இல்லையா?"

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லட்டும், நம்பிவிடலாம் என்று நின்றாள். தூத்துக்குடி என்று சட்டென்று சொன்ன வாய் இப்போது திறக்கவே இல்லை.