பாஸ்போர்ட்டில் அப்பா வைத்த பொட்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பாகூர் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் அப்பா இறந்துபோனார். நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா பாரிஸ் பக்கம் இருக்கிறாள். அவளைக் கட்டிய மாமாவுடையது பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பம். கல்யாணமாகிப் போன அக்காவும் சில வருடங்களில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பிறந்த வீட்டுக்கு வர விசா வேண்டும் என்பது சாவு விழுந்த அன்றுதான் எங்களுக்கு முழுதாக உறைத்தது. பழைய விசா முடிந்திருந்தது. நிரந்தரமாக வந்துபோகிற அட்டையை வாங்கச் சொல்லி அப்பா நச்சரித்தும், அவள் அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போட்டிருந்தாள். சனி, ஞாயிறு தூதரகம் பூட்டு. ஆன்லைனில் சுற்றுலா விசா ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வழி. எதற்காக வருகிறாய் என்று கேட்ட இடத்தில் அப்பா இறந்துவிட்டார் என்று எழுத இடமே இல்லையாம். சுற்றுலா என்றே போட்டு அனுப்பினாள்.

இங்கே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் காப்பு கட்டுகிறார்கள். அதற்குள் பிணம் ஊரில் இருக்கக் கூடாது. திங்கள் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். அக்காவுக்காக அவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிய விஷயம்.

ஞாயிறு மதியம் அக்கா போன் செய்தாள். பாஸ்போர்ட்டில் படம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. டிராக்டரோ ரேஷன் கார்டோ, புதிதாக எது வந்தாலும் அப்பா சாமி முன் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுத்தான் எடுப்பார். போன முறை அக்கா புது பாஸ்போர்ட்டோடு வந்தபோது அதையும் வைத்தார். படத்தில் மகள் வெறும் நெற்றியோடு இருப்பது பொறுக்காமல், அங்கேயே விரலால் ஒரு பொட்டும் வைத்துவிட்டார். மனுஷனுக்குச் சின்னதாக வைக்கத் தெரியாது. பாதி முகம் சிவப்பாகிவிட்டது. ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாராம். அது அழியாமலிருக்க அக்கா மேலே செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தாள்.

"அப்பா வெச்ச பொட்டுடா தம்பி. அவரு பொட்டியில கெடக்கறாரு, நான் இத்த தொடைக்கணுமா?" என்றாள்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் நெற்றியில் உறவுக்காரப் பெண்கள் பெரிதாகக் குங்குமம் அப்பியிருந்தார்கள். காரியத்தன்று அதை எடுத்துவிடுவார்கள்.

"தொடச்சிட்டு வாடி. நீ நல்லபடியா போய் வரணும்னுதான அவரு வெச்சாரு" என்றாள் அம்மா.

அக்கா டேப்பை உரித்து, பொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். திங்கள் பொழுது சாயும்வரை பார்த்தோம். விசா வரவில்லை. கொள்ளிச்சட்டி என் கையில் இருந்ததால் சித்தப்பா மகன்தான் போனைப் பிடித்து, சுடுகாடு வரை அப்பா முகத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தான். நாங்கள் திரும்பி வந்து தலை முழுகிக்கொண்டிருந்தபோது, விசா கிடைத்துவிட்டது என்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. பெட்டியைக்கூட இறக்காமல் நேராகச் சுடுகாட்டுக்குப் போய், எரித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சட்டதிட்டம் எல்லா நாட்டுக்கும் வேண்டும். அதில் எனக்குத் தகராறில்லை. சாவுக்கு வருகிறேன் என்று சொல்ல ஒரு வரி, அதைப் படித்ததும் முதலில் எடுத்துப் பார்க்க ஒரு ஆள், இவ்வளவு இருந்திருந்தால் போதும். இன்றைக்கும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் எங்கள் வயல் ஓரம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்த்தால், பெற்ற அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அதே பெயரில் காத்துக் கிடந்த என் அக்காதான் நினைவுக்கு வருகிறாள்.