விளம்பரம் மட்டும்

பழவேற்காடு கடைத்தெருவில் மொபைல் பழுது பார்ப்பவர் அவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். பேசும்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு நடந்த மறியலில் என் மகள் பேசியதை டிவியில் காட்டினார்கள். அதைப் பதிவுசெய்து, இடையில் வந்த விளம்பரங்களை வெட்டித்தரச் சொல்லி அவரிடம் கொண்டுபோனேன்.

"படம் மங்கிடாதே?"

"புதுசா மாத்தி ஏத்தினாதான் மங்கும் டீச்சர். நான் அப்படியே நறுக்கி ஒட்டிடுவேன். ஆனா வீடியோவுல அங்கங்கதான் ஒரு முழுப்படம் இருக்கும், அந்த எடத்துலதான் நறுக்க முடியும். சோப்பு விளம்பரம் ஒரு செகண்டு ஒட்டிக்கினு வரும். அதையும் எடுத்தா பொண்ணோட மொத வார்த்தை பூடும்."

சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டேன். "நீங்க தூர்வாரலன்னா நாங்களே மம்பட்டியோட வருவோம், தடுத்துப் பாருங்க" என்று அவள் அதிகாரியிடம் சொன்ன இடத்தையும் எடுத்துவிட முடியுமா? முந்தின நாள்தான் போலீஸ்காரர்கள் வீட்டுக்கே வந்து அவளை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது இன்னா, விளம்பரமா?"

விளம்பரங்களை மட்டும் வெட்டி முடித்துப் பென்டிரைவை நீட்டினார். "நானும் ஒரு காப்பி வெச்சிக்கினேன். நீங்க பயந்துனு அழிச்சிட்டா?"

என் மகளுக்கு இவர் யார் என்று கோபத்தோடுதான் திரும்பினேன். அவர் சொன்னபடியே, அன்று மாலை பயந்து அழித்தும்விட்டேன்.

மகள் பேசியதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும், அவர் கடைக்கு அனுப்புகிறேன்.