மொச்சைக் கொல்லையில் விட்டு வந்த குடை

ஜவ்வாது மலைக்கு எப்படிப் போவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் முதன்முதலில் போனது 1983 கார்த்திகையில். ஊர் சுற்ற அல்ல, பூச்சிமருந்து விற்க! அப்போது எனக்குத் திருப்பத்தூரில் ஒரு உரக்கடையில் வேலை. காவலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பன்னிரண்டு வீட்டாரும் சேர்ந்து மருந்துத்தூள் வாங்கப்போவதாகச் சேதி வந்தது. பேசி முடித்துவிட்டு வா என்றார் முதலாளி.

காலை 6.10க்குப் பேருந்து. ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். எட்டரைக்கு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நான்கு கிலோமீட்டர் நடந்தேன். கையில் தலைதீபாவளிக்கு மாமனார் வாங்கித் தந்த புதுக்குடை.

மருந்து கேட்டவர் கோவிந்தன். அவர் வீட்டில்தான் தங்கினேன். மொச்சைக் காயைப் புழு துளைக்கிறது, மருந்து அடிக்கலாம் என்பது அவர் கட்சி. அவருடைய அண்ணி செல்லிக்கு அதில் இஷ்டமில்லை. அதனால் ஊரே ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கக் கொல்லையில் கோவிந்தன் மாதிரிக்கு வாங்கிய மருந்தைத் தூவுவார். இந்தப் பக்கம் செல்லி தன் வழியில் பார்த்துக்கொள்வார். எட்டு நாள், தினமும் இரண்டிலும் பத்துப் பத்துச் செடி பார்த்து, ஒரு புழுவுக்கு ஒரு புளியங்கொட்டையாக அவரவர் சுரைக்குடுக்கையில் போட வேண்டும். எது ஜெயிக்கிறதோ, அதுதான் வருகிற வருஷம் பன்னிரண்டு வீட்டுக்கும். நான் போனபோது மூன்று நாள் முடிந்திருந்தது. செல்லியின் குடுக்கையில்தான் கொட்டை குறைவு.

மறுநாள் விடியற்காலை பல் கிடுகிடுத்தது. செல்லியின் கொல்லையில் கொடி எதுவும் படராமல் ஒன்பது காய்ந்த குச்சிகள் சும்மா நின்றன. பிடுங்கினேன், மூட்டினேன், ஆனந்தமாகக் குளிர் காய்ந்தேன். செல்லி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி இப்டி பண்ணிட்டீங்க! குருவி வந்து குந்தறதுக்குன்னு நட்டது. குந்தினாத்தானே புழுவத் தின்னும்?"

அதுதான் அவருடைய மருந்தே! கூட்டம் கூடிவிட்டது. மருந்து விற்க வந்தவன் வேண்டுமென்றே எரித்தான் என்று பேச்சு. எனக்கு மானம் போயிற்று. கோவிந்தன் நல்ல மனுஷன், "விடு அண்ணி, மூணு நாள் கணக்கே போதும், நீதான் ஜெயிச்ச" என்றார்.

செல்லி கேட்கவில்லை. இரண்டு குடுக்கையையும் கவிழ்த்துக் கொட்டினார். "நாளிக்கி யாரும் ஒரு பேச்சு சொல்லக்கூடாது. ஒண்ணுலேந்து எண்ணு."

நானும் கோவிந்தனும் காடெல்லாம் அலைந்தோம். செல்லி சொன்ன உயரத்தில், இலையில்லாமல், எட்டுக் குச்சிதான் கிடைத்தது. ஒன்பதாவதற்கு என் குடையை மடக்கி, பிடி மேலே இருக்கும்படி நட்டேன். கால் மணி நேரம் ஒரு குருவியும் வரவில்லை. பிறகு ஒரு இரட்டைவால் குருவி வட்டமடித்து வந்தது. எட்டுக் குச்சியையும் விட்டுவிட்டு மாமனார் குடைமேல் உட்கார்ந்தது! செல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

குடையை அங்கேயே விட்டு அன்றே திருப்பத்தூர் திரும்பிய நான், ஒன்பதாம் நாள் அதே பேருந்தில் மறுபடி போனேன். ஊர் முன்னால் கொட்டைகளை எண்ணினார்கள். செல்லியின் குடுக்கையில் மூன்று கொட்டை கூடுதல். தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன், எனக்கே பக்கென்றது. கோவிந்தன் அந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மூணு புழுவுக்காவா மூட்ட மூட்டயா மருந்து? நமக்கு வாணாம்பா" என்றார். செல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் விற்பனை அதோடு காலி. முதலாளி கத்துவார் என்று தெரிந்தும் எனக்கு அன்றைக்கு அப்படியொரு சந்தோஷம். இத்தனை நேர்மையான ஒரு சோதனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளம்பும்போது தூறல். குடையைக் கேட்டேன்.

"காய் பறிக்கிற வரைக்கும் அது வராதுங்க தம்பி. குருவி பழகிடுச்சு" என்றார் செல்லி.

நான்கு கிலோமீட்டரும் நனைந்துகொண்டே நடந்தேன்.

போகிறவர்களுக்கு: கார்த்திகையில் கம்பளி அவசியம். கொல்லையில் நிற்கும் குச்சியை யாரையும் கேட்காமல் தொடாதீர்கள். குடை கண்டிப்பாக வேண்டும். இரண்டாகக் கொண்டு போங்கள்.