திருமுடிவாக்கம் பஸ்ஸை மறித்தவன்

போராட்டக்காரன் தொழிலில் லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, வெற்றியும் பெரும்பாலும் கிடையாது; துண்டறிக்கைக் கட்டோடு வெயிலில் நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் களம் தாம்பரம். வெள்ளைக்காரன் காலத்திலேயே மின்சார ரயிலைப் பார்த்துவிட்ட நிலையம். ரயிலில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, மேற்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ். எங்கள் பயணிகள் சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. காலையில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் கூட்டம் பாலத்தில் இருக்கும்போதே திருமுடிவாக்கம் பஸ் கிளம்பிவிடுகிறது. அதை ஐந்து நிமிடம் தள்ளி எடுக்க வேண்டும். நிலச் சீர்திருத்தம் கேட்டுச் சிறைக்குப் போனவன் நான். இப்போது ஐந்து நிமிடம் கேட்கிறேன்.

அறிக்கை போய்ச் சேர்ந்தது

அறிக்கையை எழுதியவர் தோழர் கோதண்டம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "உழைக்கும் மக்களே!" என்று தொடங்கி இரண்டு பக்கம். பாலத்தடியில் நின்று கொடுத்தேன். ஒரு பெண் மட்டும் ஆவலோடு கைநீட்டி நாலைந்து வாங்கினாள். பெயர் மல்லிகா, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. பஸ் அன்றும் போய்விட்டிருந்தது. இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். கோதண்டத்தின் எழுத்து ஒரு தொழிலாளியைத் தொட்டுவிட்டதென்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த பஸ் வந்ததும் ஒரே நெரிசல். மல்லிகா ஓடிப்போய் ஜன்னல் வழியாக அறிக்கைகளை ஒவ்வொன்றாக சீட்டில் எறிந்து இடம் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "சார், நாளைக்குக் கொஞ்சம் கெட்டி பேப்பர்ல அடி சார், இது காத்துல பறந்துகினு போவுது!"

மாபெரும் மறியல்

மனு கொடுத்தோம், பயனில்லை. மறியல் என்று அறிவித்தோம். "மாபெரும்" என்று சுவரொட்டியில் இருந்தது. வந்தது நானும் கோதண்டமும் ஒரு கொடியும். திருமுடிவாக்கம் பஸ் கிளம்பும் நேரத்தில் அதன் முன்னால் போய் நின்று கோஷம் போட்டோம். காவலர் வந்து எங்களை வேனில் ஏற்றுவார், பத்திரிகையில் படம் வரும் என்று நல்ல சட்டை போட்டுப் போயிருந்தேன். யாரும் வரவில்லை.

அதற்குள் ரயில் கூட்டம் பாலத்திலிருந்து இறங்கி, எங்களை விலக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மல்லிகாவுக்கு ஜன்னலோர சீட்டே கிடைத்தது. பஸ் நிறைந்ததும் கண்டக்டர் எட்டிப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "தலைவரே, எல்லாரும் ஏறிட்டாங்க. ஒழிக எல்லாம் முடிச்சுக்கிட்டீங்கன்னா வண்டிய எடுத்துரலாம்."

பணி நேரம்

மறுநாளும் மறித்தோம். அதற்கு மறுநாளும். வேலை நாள் தவறாமல் ஐந்து நிமிடம் மறியல். பஸ் ரயிலுக்குச் சரியாக நின்றது. கோதண்டத்துக்கு முட்டிவலி வந்து வாரத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். எனக்குப் பதில் ஆள் இல்லை.

ஒரு நாள் காய்ச்சலோடு தாமதமாக ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி பளபளத்தது. சும்மா நிறுத்தினால் அவர் மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். மறியல் என்றால் காரணம் இருக்கிறது. என்னைக் கண்டதும் சீறினார்: "இன்னா சார், மறிக்க வர்ற நேரமா இது? எத்தினி வாட்டிதான் கண்ணாடியத் தொடைக்கிறது?"

மேலிடத்துப் பதில்

மறுபடி மனுவோடு போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர், நாற்காலி போட்டார். "ஆள் அனுப்பிப் பாத்தேன் சார். ரயில்ல வந்தவங்க அத்தனை பேரும் பஸ் ஏறிடறாங்களாம். அப்புறம் எதுக்கு டைம மாத்தணும்?" என்றார்.

"நான் மறிப்பதால்தானய்யா ஏறுகிறார்கள்!" என்று மேசையைத் தட்டினேன்.

அவர் மனுவை என் பக்கமே நகர்த்தினார். "அப்போ அதையே மெயின்டெயின் பண்ணுங்க சார்."

கோதண்டத்தின் யோசனை

திரும்பி வரும்போது கோதண்டம் சொன்னார்: "தோழரே, ஒரே ஒரு நாள் மறிக்காமல் விட்டுவிடுவோம். பஸ் காலியாகப் போகட்டும், கூட்டம் தவிக்கட்டும். அதைப் படம் எடுத்து அவர் மேசையில் போட்டால் நிரூபணம்!" தத்துவப்படி சரியான யோசனை. எனக்கும் பிடித்தது. நாளையே வைத்துக்கொள்வதென்று முடிவானது.

மக்களிடம் சொல்லாமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. அடுத்த நாள் காலை பாலத்தின் மேலேயே மல்லிகாவைப் பிடித்து, இன்று பஸ் நிற்காது, வரலாற்றுத் தேவை என்று விளக்கினேன். அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் கையிலிருந்த கொடியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு முன்னால் என் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டே இறங்கினாள்: "உன் நிரூபணத்த ஞாயித்துக்கெழம வச்சிக்க சார், இப்ப போய் வண்டிய மறி!"

ஆட்சிக்கு ஆட்சி அரசாங்கத்தை எதிர்த்தே நரைத்த எனக்கு, கடைசியில் அதே அரசாங்கம் தாம்பரத்தில் சம்பளமில்லாத நிரந்தர வேலை ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறது, நானும் ராஜினாமா செய்ய வழியில்லாமல் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன்.