ஒரு சொல்லும் விடாத கும்ரான்

என் அக்கா கும்ரான் வீட்டுக்குப் போனால் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியாத காலம் ஒன்று இருந்தது. எங்கே திரும்பினாலும் சீட்டு. சோறு வேகிற குக்கரின் மூடியில் 'உடல் வெப்பம்'. சுவர்க் கடிகாரத்தின் கீழே 'நாடித்துடிப்பு'. அவள் அழுதுகொண்டே தொடர் பார்க்கிற டிவியின் தலையில் 'இரத்த அழுத்தம்'. கழிப்பறைக் கதவில் என்ன ஒட்டியிருந்தாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை. சீட்டின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் எங்கள் கொரியன். சனி, ஞாயிறுகளில் நான் போய்ப் படுக்கிற அறையின் கதவில் 'சுயநினைவின் அளவு' என்று ஒட்டியிருந்தாள். நான் விடிந்து வெகு நேரம் தூங்குகிறேனாம், அதற்காக.

"ஏங்கா, இந்த வயசுல உனக்கு இந்த ஆஸ்பத்திரிப் படிப்பு தேவையா? பேசாம தையல் மெஷின் முன்னாடியே உட்கார்ந்திருக்கலாம்ல?" என்றேன்.

"மெஷின் முன்னாடி உட்கார்ந்தா வாயை மூடிட்டு இருக்கணும். நான் மூடுன வரைக்கும் போதும்டி" என்றாள்.

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத்தான் அவள் சொன்னாள். அப்போது எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் என்றால் 'யெஸ்', 'தேங்க்யூ' அவ்வளவுதான். டாக்டர் சொல்வதை எங்களுக்கு மொழிபெயர்க்கச் சர்ச்சிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தங்கமான மனுஷர். டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி, "நம்பிக்கையா ஜெபம் பண்ணச் சொல்றாரு" என்றார். டாக்டர் சொன்னது வேறு. இன்னும் சில நாள்தான், பேச வேண்டியதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அடக்கம் முடிந்த பிறகுதான் இது அக்காவுக்குத் தெரிந்தது. அந்தச் சில நாளும் அவள் அத்தானிடம் கரண்டு பில்லைப் பற்றியும் தேய்ந்துபோன டயரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவர் நல்லெண்ணத்துல பாதியை முழுங்கிட்டாரு. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பாதியிலதான் இருந்துச்சு" என்று ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

அப்புறம்தான் இந்தப் படிப்பு. உயிர், மூச்சு சம்பந்தப்பட்ட எதற்கும் எங்கள் மொழியில் வீட்டுக்கு ஒரு சொல், டாக்டருக்கு ஒரு சொல். வீட்டில் மூச்சை 'சும்' என்போம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அதுவே 'ஹோஹுப்' ஆகிவிடும். உயிருக்கு நாங்கள் சொல்வது 'மோக்சும்', கழுத்தில் நிற்கிற மூச்சு என்று அர்த்தம். காகிதத்தில் எழுதும்போது அது 'செங்மியோங்' என்று சட்டை மாட்டிக்கொள்ளும். அக்கா எல்லாவற்றையும் படித்தாள். டாக்டர் பேசினால் டாக்டர் சொல்லைப் போடுவாள், நோயாளி திருதிருவென்று விழித்தால் வீட்டுச் சொல்லை எடுப்பாள். பரீட்சை எழுதித் தேறி, ஒலிம்பிக் சாலைக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டாள். லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் ஆட்கள் குவிந்து கிடக்கிற இடம் இது, வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்த வேலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள். பேசுகிறவராகவே மாறிப் பேச வேண்டும். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்ற பேச்சே கிடையாது, 'எனக்கு வலிக்கிறது' என்றுதான். ஆகவே அறுபதைத் தாண்டிய என் அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "நான் எட்டு மாதக் கர்ப்பிணி" என்பாள். அடுத்த அறைக்குப் போய், "எனக்குப் புரோஸ்டேட் வீங்கியிருக்கிறது" என்பாள். இன்னொன்று, அறைக்குள் வாயிலிருந்து விழுந்த எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. அக்காவுக்கு இது வெறும் கட்டுப்பாடு இல்லை, வேத வாக்கு. ஒரு நாள் ஓர் அம்மாள், "இந்த டாக்டரைப் பாரு, வேகாத டோஃபு மாதிரி மூஞ்சி, இவனுக்கு என்ன தெரியும்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். அக்கா கண் இமைக்காமல் அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்! நல்லவேளை, டாக்டர் சிரித்துவிட்டார். இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னதாக நினைக்காதீர்கள். அவள் வாயைக் கடப்பாரை போட்டாலும் திறக்க முடியாது. எனக்கு முடி வெட்டும் கடை, நோயாளிகளே வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்தான் ஹாம் வாத்தியார். இந்தப் பக்கத்துக் கொரியர்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஹாம் கியோங். வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த கார் அவருடையது. எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே என் முகத்துக்கு நேராக, "கும்சுக், நீ ஃபெயிலாயிடுவே. நல்லா அழுவே. அடுத்த தடவை பாஸ் பண்ணிடுவே" என்றார். அப்படியே நடந்தது. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும், யார் காரில் ஏறினாலும் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வரும். மனைவி காலமாகி நாளாகிவிட்டது. ஒரே மகள் சியாட்டிலில் இருக்கிறாள்.

ஒரு நாள் என் கடை நாற்காலியிலேயே அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கிவிட்டதாம், அதை மாற்ற வேண்டுமாம். அந்த அறைக்கு மொழிபெயர்க்க வந்தவள் அக்கா. அதற்கு முன் அவளும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

மகள் போனில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா தாங்க மாட்டாரும்மா. எத்தனை நாளுங்கறதை மட்டும் சொல்லிடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"டாக்டர் சொன்னா நானும் சொல்லித்தான் ஆகணும்மா. சொல்லக் கூடாதுன்னா டாக்டர்கிட்ட பேசுங்க" என்றாள் அக்கா.

டாக்டர் சர்க்கிஸ்யான் நோயாளியிடமே கேட்டார், எல்லாம் தெரிய வேண்டுமா என்று. தெரிய வேண்டும் என்றார் வாத்தியார். வால்வை மாற்றாவிட்டால் இரண்டு வருஷம் தாண்டுவது கடினம் என்றார் அந்த லேடி டாக்டர். அக்கா அதைக் குறைக்காமல், பூசி மெழுகாமல் கொரியனில் சொன்னாள். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து, "காலமெல்லாம் நான்தான் ஆளுங்க மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்லிட்டு இருந்தேன். எனக்குச் சொல்ல இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு" என்றார்.

ஆனால் ஆபரேஷனுக்கு மட்டும் மசியவில்லை. "என்னைத் தூங்க வெச்சுட்டு வேற யாரோ ஓட்டுவாங்க. என் பக்கம் பிரேக் இருக்கா? இல்லைல்ல? அப்ப வேண்டாம்" என்றார். இதையும் அக்கா அப்படியே சொல்ல, டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரி போகிற நாளென்றால் முந்தின நாளே மனுஷர் என் கடைக்கு வந்து தலைக்குச் சாயம் போடச் சொன்னார். புதுச் சட்டை வந்தது. ஒரு முறை பையில், தக்காளி மாதிரி இருக்கிற சீமைப் பனிச்சைப் பழம் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார்.

"நான் எதுவும் வாங்கக் கூடாதுங்க" என்றாள்.

"அப்ப மேஜை மேல வெக்கறேன். யாரோ எடுத்துக்கட்டும்" என்றார். எடுத்துக்கொண்டது நர்ஸ். அன்று சாயங்காலம் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன், ஒரு பை நிறைய அதே பழம்.

"என்னடி இளிக்கறே? சீசன்ல பழம் வாங்கக் கூடாதா?" என்றாள்.

"வாங்கலாம்க்கா, வாங்கலாம். உதட்டுச் சாயமும் சீசனா?" என்றேன். கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

சிரித்தோமே தவிர, எனக்குள் பயம்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் வாத்தியார் நின்று நின்று மூச்சு வாங்கினார். ஆபரேஷன் வேண்டாம் என்ற பல்லவியை மட்டும் விடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இரண்டு பேர் மேலும்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுஷன் பண்ணிக்குவாருக்கா."

"அந்த ரூமுக்குள்ள என் வார்த்தைன்னு ஒண்ணு கிடையாதுடி."

"ரூமுக்கு வெளியில சொல்லேன்."

"வெளியில அவரை எனக்குத் தெரியாது. அதான் ரூல்."

"உன் ரூலைக் கொண்டு போய் கிம்ச்சி ஜாடியில போட்டு ஊற வை!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது நர்ஸ் வாத்தியாரின் விரலில் கிளிப்பை மாட்டினாள். திரையில் நாடித்துடிப்பு ஒழுங்காக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்து, வழக்கம்போல் நோயாளிக்குச் சற்றுப் பின்னால் நின்றாள். எண் விறுவிறுவென்று ஏறியது. நர்ஸ் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் எடுக்கும்போதெல்லாம் சரியாக இருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, பயமா, வலியா என்று கேட்டார். அக்கா அதைக் கொரியனில் கேட்டாள்.

வாத்தியார் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பயமும் இல்லை, வலியும் இல்லை. வண்டி ஒழுங்காத்தான் ஓடுது. இந்தம்மா உள்ள வந்தா மட்டும் தானா வேகமெடுக்குது."

என் ஆங்கிலம் இப்போதும் அரைகுறைதான், ஆனால் அக்கா அடுத்துச் சொன்னதைப் புரிந்துகொள்ள அது போதும். "என் வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. இந்த அம்மாள் உள்ளே வந்தால் மட்டும் தானாக வேகமெடுக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லி, விரலால் தன்னையே காட்டினாள். குரல் நடுங்கவில்லை. காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டன.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

"அப்படின்னா, இந்தம்மாகூட உட்கார்ந்து காலையில சாப்பிடணும். ஒரு நாள் இல்லை, தினமும். இவங்க எனக்குப் பொய் சொல்ல மாட்டாங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றார் வாத்தியார்.

கள்ளக் கிழவர்! தான் சொன்னதை அவள் தன் வாயால் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தெரிந்துதான் அந்த இடத்தில் வைத்துச் சொன்னார். அக்காவும் சொன்னாள். தினமும் என்பதையும் சொன்னாள், பொய் சொல்ல மாட்டாள் என்பதையும் சொன்னாள். பிறகு கையை உயர்த்தினாள். மொழிபெயர்ப்பவர்கள் தங்கள் சார்பாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தங்களையே வேற்றாள் மாதிரி சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டு மொழியிலும் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளருக்கு இந்த விஷயத்தில் சொந்த ஈடுபாடு இருக்கிறது. ஆகவே முறைப்படி அவர் விலகிக்கொள்கிறார். வேறு ஒருவரை அழைக்க வேண்டும்."

முதலில், மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாளோ என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஈடுபாடு இல்லாதவள் எதற்கு விலக வேண்டும்? எனக்கு முன்னாலேயே வாத்தியாருக்குப் புரிந்திருந்தது. திரையில் எண் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

அக்கா கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். நோயாளியின் வீட்டார் உட்காருகிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறைகளில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நர்ஸ் சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் எந்த ஊரிலிருந்தோ மொழிபெயர்க்க ஒரு கொரியப் பையன், காதில் ஹெட்போனோடு தெரிந்தான்.

"ரூம்ல யார் யார் இருக்கீங்கன்னு சொல்லிடுங்க" என்றான். டாக்டர், நர்ஸ், கார் ஓட்டி வந்த நான் என்று வரிசையாகச் சொன்னோம். "பக்கத்துல உட்கார்ந்திருக்கற அம்மா நோயாளிக்கு என்ன உறவு?"

அக்கா கைப்பையைத் திறந்து மூடினாள்.

"அதைத்தான் தம்பி நானும் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார் வாத்தியார். பையன் அதை ஆங்கிலமாக்கியதும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்து, டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். வால்வை மாற்றிக்கொள்ள இப்போதாவது சம்மதமா? வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"என் புருஷன் போறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. இப்ப எல்லாம் தெரிஞ்சு உட்கார்ந்திருக்கேன், அதனால எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இருந்தாலும் பண்ணிக்கோங்க. கண்ணு முழிக்கறப்ப நான் பக்கத்துல இருப்பேன். தினமும் காலையில என்கூடச் சாப்பிடணும்னா உயிரோட இருக்கணும், பிடிவாதக்காரக் கிழவா."

நான் அழுதுவிட்டேன். அவள் அந்த அறைகளில் எத்தனை பேருக்காக 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லியிருப்பாள்! பையன் நன்றாகத்தான் மொழிபெயர்த்தான். எனக்குப் பயமாக இருக்கிறது என்றான், பக்கத்தில் இருப்பேன் என்றான், உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தான். அக்கா கையை உயர்த்தினாள்.

"தம்பி, நல்லா சொன்னீங்க. ஆனா கடைசியில ஒண்ணை விட்டுட்டீங்க. 'பிடிவாதக்காரக் கிழவா'ன்னு சொன்னேன். அதையும் சொல்லுங்க."

பையன் முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையும் சொன்னான். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. வாத்தியார் புதுச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் இருந்த பையனைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க தம்பி. பிடிவாதக்காரக் கிழவன் ஒத்துக்கிட்டான்."