ஓரத்தில் நின்ற அண்ணன்

என் வீட்டுக்காரர் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். போன வருஷம் புதுக் கேமரா வாங்கினார். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்; உள்ளே படம் பதிகிற சென்சார் பெரிசு. யாராவது வீட்டுக்கு வந்தால், காப்பி வருவதற்கு முன்னால் அதுதான் வரும். லென்ஸ் மட்டும் பழசு, முந்தைய சின்னக் கேமராவில் மாட்டியிருந்தது.

சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ் பெரிய சென்சாரை முழுக்க நிரப்பாது என்று அவரே எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார். ஒற்றைக் கட்டில் விரிப்பை இரட்டைக் கட்டிலில் விரித்த கதைதான். கேமராவுக்கு இது தெரியும். தானாகவே ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், படமும் பாதிக்குக் கீழே சிறுத்துவிடும். "வெட்டி எடுக்கதுக்கா புதுசு வாங்குனேன்?" என்று ரோஷப்பட்டு அந்த வசதியையே அணைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் படங்களுக்கு நான்கு மூலையும் கறுப்பு. தாமிரபரணியைச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்த ஒரே குடும்பம் நாங்கள்தான். கேட்டால், "அது ஒரு கலை" என்பார்.

மகள் நிச்சயதார்த்தத்துக்கும் இந்தக் கலையே போதும் என்று, பேசி வைத்திருந்த போட்டோக்காரரை வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் அவர் பெயரை என் கொழுந்தனார் பெயருக்குக் கீழே போட்டுவிட்டோமாம். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டால் விசேஷத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள். வருவார்கள். வந்து, போட்டோ எடுக்கும்போது வரிசையின் கடைசியில், பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி நிற்பார்கள். யாராவது உள்ளே கூப்பிட வேண்டும். முதல் அழைப்புக்கு அசையக் கூடாது. கெஞ்சினால்தான் மரியாதை. ஒருவரும் கூப்பிடவில்லையோ, அடுத்த விசேஷத்துக்கு வர மாட்டார்கள். அடுத்த விசேஷம் என் மகள் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் அவள் எப்படி மணையில் உட்காருவாள்?

நிச்சயதார்த்தத்தன்று படமெடுக்க எல்லோரும் வரிசை கட்டியதும் அண்ணன் ஓரத்தில் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு வாழைமரத்தைப் பார்த்தார். நான் கூப்பிட்டால் பத்திரிகைத் தப்பு என் தலையில் விழும் என்று கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மச்சான், உள்ள வாங்க!"

அண்ணன் அசையவில்லை.

"மச்சான், ஒங்களத்தான். இன்னுங் கொஞ்சம் உள்ள வாங்க."

"இருக்கட்டும், நான் இங்கனயே நிக்கேன்."

"அங்கன நின்னா சரிப்படாது மச்சான்! நீங்க நடுவுல வாங்க. பிள்ள பக்கத்துல வாங்க!"

பதற்றத்தில் அவர் குரல் தழுதழுத்தது. அண்ணன் முகம் மூலைக் கறுப்பில் விழுந்தால் வந்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால் கேமராவின் மானம் போய்விடும். இது எனக்குத் தெரியும். அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அவர் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மகள் தோளில் கை வைத்தார். இன்னொரு கை என் தலையில் இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

பந்தியில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஏட்டி, கூடப் பொறந்தவளுக்கு இல்லாத பாசம் மச்சானுக்கு இருக்குட்டி. எப்பிடிக் கூப்பிட்டாரு பாத்தியா!" என் வீட்டுக்காரர் அடக்கமாகச் சிரித்து, இன்னொரு வடை போட்டுக்கொண்டார்.

போன வாரம் அவர் ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கேமராவுக்கென்றே செய்த லென்ஸ் வாங்க வேண்டுமாம். "அதுல மூலைல நிக்கவங்களும் பளிச்சுன்னு விழுவாங்க."

"அப்போ ஒருத்தரையும் உள்ள கூப்பிட மாட்டீங்க," என்றேன். "கல்யாணத்துக்கும் பழசையே மாட்டுங்க. ஒங்க தம்பி இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு."