நேரில் வந்து சொல்லாத செட்டிங்

என் கணவர் குவைத்திலிருந்து விடுப்பில் வந்தால் பாதி விடுப்பு அவருடைய சொந்தக்காரர்களுக்கு, மீதிப் பாதி என்னுடைய சொந்தக்காரர்களுக்கு. சோப்பு, தைலம், பேரீச்சம்பழம் என்று பை பையாகப் பிரித்துக்கொண்டு ஆலங்குடி, திருமயம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். "பஸ்ல குடுத்துவிட்டா போதாதா?" என்று கேட்டால், கொலை செய்யச் சொன்னதுபோல என்னைப் பார்ப்பார். அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு நாள் கேட்டேன். அறந்தாங்கியில், எங்கள் வீட்டில், நாங்கள் இரண்டு பேர் மட்டும். யார் வீட்டுக்கும் போகக் கூடாது, யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. அவரும் சரி என்றார்.

அவர் சரி என்றதும் என் வேலை குறுக்கே வந்து நின்றது.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் நெட்வொர்க் பார்க்கிறேன். தலைமை அலுவலகம் புதுக்கோட்டையில், கிளைகள் மாவட்டம் முழுக்க. ஒவ்வொரு கிளையிலும் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி உண்டு. வெளியிலிருந்து வரும் திருட்டுத்தனத்தைத் தடுப்பது அதன் வேலை. யார் வந்தார்கள், யாரைத் தடுத்தோம் என்று ஓயாமல் குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்புகளைத்தான் லாக் என்கிறோம். பெட்டிக்குள் இடம் குறைவு, நிறைந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அதனால் எல்லாக் கிளை லாக்கும் உடனுக்குடன் புதுக்கோட்டை சர்வருக்கு வந்து சேர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அது முடிந்தால்தான் எனக்கு லீவு.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சர்வர் முகவரியைக் கையால் போட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடவிட்டால் அதுவே கிளை கிளையாக உள்ளே போய், முகவரியைப் போட்டு, சேமித்து, லாக் வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வரும். டீ ஆறுவதற்குள் திரையில் எல்லாக் கிளையும் பச்சையாகிவிட்டது. அன்றைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நாளைக்கு நம்ம நாளு" என்று கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் அரிமளம் கிளை மட்டும் சிவப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் நான் போட்ட செட்டிங்கே இல்லை. மறுபடி ஓடவிட்டேன், பச்சை. மத்தியானம் பார்த்தால் திரும்பவும் சிவப்பு. தலையில் அடித்துக்கொண்டு அரிமளம் இன்சார்ஜுக்குப் போன் போட்டேன். கிளை திறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கும் பெரியவர் அவர்.

"ஆமா மேடம், நாந்தான் பழசத் திருப்பிப் போட்டேன். செட்டிங் மாறிருக்குன்னு மெயில் வந்துச்சு. ஏதாச்சும் ஆனா இதப் போடுங்கன்னு நீங்கதான பேக்கப் குடுத்து வச்சீங்க?"

"சார், மாத்துனதே நாந்தான்."

"நீங்களா? நீங்க இங்கிட்டு வரவே இல்லையே."

"இங்கேருந்தே மாத்தலாம் சார். அதுக்குத்தான் மண்டையப் போட்டு ஒடச்சு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

அவர் கேட்டார். "ஆலங்குடி பிராஞ்சுக்கெல்லாம் நேர்ல போய்ச் சொல்லிட்டீங்களா மேடம்?"

"யாருக்கும் சொல்லல சார்!"

"அப்பச் சரி" என்றார். குரலில் ஒன்றும் சரியாக இல்லை. திரும்ப ஓடவிட்டும் சாயங்காலம் மறுபடியும் சிவப்பு. கேட்டால், "போன்ல யாரு வேணும்னாலும் ஒங்க கொரல்ல பேசலாம், நம்பாதீங்கன்னு மீட்டிங்ல நீங்கதான சொன்னீங்க?" என்கிறார். என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அவர் பெட்டியைத் தொட முடியாதபடி அனுமதியையே எடுத்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "அய்யய்யோ, அவரு மனசு கஷ்டப்படும்மா. ஒரு நடை நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்றார். போகாமல் இருக்கத்தானே ஐயா அதை எழுதினேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன்.

அவர் சிரித்தார். "சொல்லாமக் கொள்ளாம ஒருத்தர் வீட்டுக்குள்ள போயி சாமானெல்லாம் மாத்தி வச்சா அவருக்கு எப்புடி இருக்கும்?"

"அது வீடு இல்லைங்க. ஃபயர்வால்."

"சரி சரி, காலைல வண்டில ஏறு. அரிமளத்துல எனக்கும் ஒரு வீடு பாக்கி இருக்கு."

காலையில் பார்த்தால் இன்சார்ஜுக்கும் சேர்த்து சோப்பும் தைலமும் பையில் தயாராக இருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் அரிமளம் வரைக்கும் அந்தப் பையைத் தொடவே இல்லை.

இன்சார்ஜ் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கண் முன்னால் லேப்டாப்பைத் திறந்து, அதே ஸ்கிரிப்டை, ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஓடவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பச்சை வந்தது.

"இம்புட்டுத்தானா? இத அங்கேருந்தே பண்ணிருக்கலாமே மேடம். எதுக்கு வெயில்ல அலையுறீங்க?"

நான் என்ன பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து என் கணவர் தைலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் பேசிப் பேசி, எங்கோ சுற்றி ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைய பொழுதும் போயிற்று. அரிமளம் அதற்குப் பிறகு சிவப்பாகவே இல்லை.

விமானத்துக்கு முந்தின நாள்தான் கடைசியில் எங்களுக்கு வாய்த்தது. இரண்டு போனையும் சத்தமில்லாமல் வைத்தேன். எல்லாக் கிளையும் பச்சை. கதவைச் சாத்தி, அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடித்தது. அவர் ஓடிப்போய்த் திறந்துவிட்டார்.

அரிமளம் இன்சார்ஜும் அவர் மனைவியும், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு. மகளுக்குக் கல்யாணமாம்.

"போன்லயே சொல்லிருக்கலாந்தான் மேடம். ஆனா நல்லாருக்காதுல்ல. நீங்க அம்புட்டுத் தூரம் வந்து சொன்னீங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்குக் குழம்புச் சாறு மட்டும் மிஞ்சியது. போகும்போது பத்திரிகையை என் கணவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். இவ கண்டிப்பா வந்துருவா" என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை. நாளைக்கு இந்நேரம் யாரும் மணி அடிக்காத வீடு எனக்குக் கிடைத்துவிடும், ஆனால் அதில் நான் மட்டும்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவருடைய பயணப் பெட்டியின் ஸிப் மூட மறுத்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். "அடுத்த தடவ யாருக்கும் சொல்லாம வாரேன். ஒனக்கு மட்டுந்தான்."

"நீங்க பஸ் ஸ்டாண்டுல எறங்குனா போதும், நீங்க வீடு வந்து சேருறதுக்குள்ள அறந்தாங்கி பூராத் தெரிஞ்சிரும். இந்த ஊருக்கு லாக் அனுப்புற செட்டிங்க யாரும் போடவே வேணாம்."

அவர் சிரித்தார். நானும் அவர் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தேன். ஸிப் மூடியது. மூடிய பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.